பத்து டாலருக்கு ஒரு சென்ட்: யூட்டாவின் ‘ஸாப்’ வரி

அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அங்கே ஒரு கடையில் பத்து டாலருக்குச் செருப்பு வாங்கினால், அதற்கான விற்பனை வரியில் ஒரு சென்ட் உள்ளூர்க் கலைக்கும் விளையாட்டுக்கும் போய்விடும். ரசீதில் தேடாதீர்கள், மற்ற வரிகளோடு கலந்து ஒரே தொகையாகத்தான் இருக்கும். இதுதான் ஸாப் வரி. ஸூ (உயிரியல் பூங்கா), ஆர்ட்ஸ் (கலை), பார்க்ஸ் (பூங்கா) என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்து. விகிதம் 0.1 சதவீதம். முப்பதாயிரம் டாலர் கார் வாங்குகிறவருக்கு முப்பது டாலர்.

சமைக்காத மளிகைப் பொருளுக்கு இது கிடையாது. கடையில் அரிசியும் உளுந்தும் வாங்கி வீட்டில் மாவரைத்தால் ஸாப் இல்லை, அதே தோசையை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் உண்டு. விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் கடிக்கும் என்ற பழைய புகார் நியாயமானதுதான், ஆனால் அரிசி பருப்பை விட்டுவைத்ததால் கடி கொஞ்சம் குறைகிறது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. இந்த வரியை கவுண்டி நிர்வாகம் தானாகப் போட முடியாது, மக்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும், ஜெயித்தாலும் அதிகபட்சம் பத்து வருடம்தான் ஆயுள். அப்புறம் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். சால்ட் லேக் கவுண்டியில் 1996இல் இந்த வரி ஓட்டில் ஜெயித்தது, பிறகு 2004, 2014, 2024 என்று ஒவ்வொரு முறையும் மக்கள் சரி என்றார்கள். நம் ஊரில் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அதைத் தொடரலாமா என்று யாராவது நம்மைக் கேட்டதுண்டா? அங்கே நாடகக் குழுவும் நீச்சல் குளமும் பத்து வருடத்துக்கு ஒருமுறை வாக்காளர் முன்னால் நின்றாக வேண்டும்.

பணத்தை யார் இஷ்டத்துக்கும் பிரிக்க முடியாது, சட்டத்திலேயே பங்கு உண்டு. 30 சதவீதம் பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், நடைபாதை போன்ற பொது இடங்களுக்கு, அதிலும் ஒரு பகுதி அவற்றைக் கட்ட வாங்கிய கடனை அடைக்கப் போகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை யூட்டா சிம்பொனி, பாலே வெஸ்ட் மாதிரி பெரிய கலை அமைப்புகளுக்கு. ஹோகிள் உயிரியல் பூங்கா, ட்ரேசி பறவைப் பூங்கா வகைக்குத் தனிப் பங்கு. சின்ன அமைப்புகளுக்கு 9 சதவீதம். அவை நூற்றுக்கும் மேல், எல்லாம் அந்த ஒன்பதுக்குள்தான் இடித்துக்கொண்டு நிற்கின்றன. பெரியவர்களுக்குக் கொஞ்சம் தாராளம்தான்.

சரி, யார் கேட்கலாம்? லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவாகியிருக்க வேண்டும், முக்கிய வேலை கலை, இசை, நாடகம், நடனம், இயற்கை வரலாறு போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இடமில்லை. கிடைக்கும் கலைப் பணத்தை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்தலாம், இடம் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ முடியாது. வாடகையும் விளக்கு மின்கட்டணமும் கட்டத் தவிக்கும் ஒரு நாட்டியக் குழுவுக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான், ஏனென்றால் கல்வெட்டில் பேர் போட்டுக் கட்டடம் கட்டித்தர ஆள் கிடைப்பார், மாதாந்திரக் கரண்ட் பில்லுக்குக் கிடைக்க மாட்டார்.

யூட்டாவின் மற்ற ஊர்களிலும் இதே வரி வேறு பெயரில் இருக்கிறது. வெபர் கவுண்டியில் ராம்ப், கேஷ் கவுண்டியில் ராப்ஸ். கவுண்டி இந்த வரியைப் போடவில்லை என்றால் நகரமே போட்டுக்கொள்ளலாம், அப்படித்தான் ப்ரோவோவில் ராப், ஓரெமில் கேர். எங்கே போட்டாலும் வாக்காளரைக் கேட்காமல் முடியாது. சால்ட் லேக்கில் அடுத்த கேள்வி 2034க்குள் வந்தாக வேண்டும்.