மண்டபம் முகாம் செலவு: எந்தப் பணம் யார் கணக்கில்?

317 கோடியே 40 லட்சம் ரூபாய். இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு அரசு செய்யும் செலவு பற்றிப் பேச்சு வந்தால் ராமநாதபுரம் கரையில் அடிபடுவது இந்த எண்தான். 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் 110-ஆம் விதியின் கீழ் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்த தொகை அது. ஆண்டுதோறும் முகாம்காரர்கள் கையில் கொடுக்கும் காசு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் படம் வேறு. 261.54 கோடி வீடு கட்டவும் மின்சாரம், குடிநீர், கழிப்பறை போன்ற வசதிகளுக்கும். 12.25 கோடி கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும். மிச்சம் 43.61 கோடிதான் மாத உதவி உயர்வு, காஸ், துணிமணி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. அது தமிழ்நாடு முழுவதும் அப்போது இருந்த 108 முகாம்களுக்கான தொகை என்பதும் பேச்சில் விட்டுப்போகிறது. மண்டபம் அவற்றில் ஒன்று.

மாதாமாதம் வருவதை அரசுத் தாளில் பணக்கொடை என்பார்கள், முகாமில் ‘டோல்’ என்பார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500. 2021 அறிவிப்புக்கு முன்னால் இது முறையே 1,000, 750, 400 ஆக இருந்தது. கணவன், மனைவி, பதினாலு வயதில் ஒரு பிள்ளை, எட்டு வயதில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டால் 1,500 + 1,000 + 1,000 + 500, ஆக 4,000 ரூபாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். இந்த உயர்வால் ஆண்டுக்கு 21.49 கோடி கூடுதல் செலவு என்று அரசு சொன்னது. அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். வகுத்தால் தலைக்கு மாதம் 304 ரூபாய் உயர்வு. இந்தத் தொகையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதால்தான் முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் கூலிக்குப் போகிறார்கள்.

அரிசி 20 கிலோ வரை ஏற்கெனவே இலவசம். அதற்கு மேல் கிலோவுக்கு வாங்கிவந்த 57 காசையும் 2021 அறிவிப்பு நீக்கியது. காஸ் இணைப்பும் அடுப்பும் இலவசம், ஆண்டுக்கு 5 சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியம். முழு விலை தருவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மீதியைக் குடும்பம்தான் கட்ட வேண்டும்.

எந்த அரசு தருகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். பதிவு பெற்ற முகாம்வாசிகளுக்கான நிவாரணத்தை முதலில் மாநில அரசு தன் கையிலிருந்து செலவழிக்கிறது. பிறகு ஒன்றிய உள்துறை அமைச்சகத்திடம் கணக்குக் காட்டி ஈடு பெறுகிறது. முகாம் நிர்வாகம் ஒவ்வொரு பெயருக்கும் பதிவு, அட்டை, வருகைச் சோதனை என்று கறாராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பதிவேட்டில் இல்லாத தலைக்குச் செலவழித்தால் அதை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. இதற்கு வெளியே மாநில அரசு தன் சொந்தத் திட்டங்களில் முகாம்வாசிகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பொங்கல் தொகுப்பு அறிவிப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் அரிசி அட்டைதாரர்களை அடுத்து “இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வசிக்கும் குடும்பங்கள்” என்ற வரி இருக்கும்.

வீட்டுக் கணக்கு தனியாகப் பார்க்க வேண்டியது. சிதிலமடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடியில் புதிதாகக் கட்டுவது திட்டம். முதல் கட்டம் 3,510 வீடுகள், 108.81 கோடி. வீட்டுக்கு 3.10 லட்சம் வருகிறது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் திறப்பு விழா நடந்தபோது 1,591 வீடுகளுக்குச் சொல்லப்பட்ட செலவு 79.70 கோடி, அதாவது வீட்டுக்கு 5 லட்சம். ‘ஒதுக்கிய பணத்துக்கு ஏன் வீடு குறைகிறது’ என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஊழல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். முதல் மதிப்பீடே குறைவாகப் போடப்பட்டிருக்கலாம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனிப் புதிதாக வந்தவர்கள். 2022 மார்ச் 22 அன்று இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் முதல் 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். படகோட்டிகள் கரை வரை வராமல் கடலுக்குள் இருக்கும் மணல் தீடையில் (மணல் திட்டில்) இறக்கிவிட்டுப் போவது வழக்கம். மீட்பது கடலோரக் காவல்படை அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். அதற்கான எண்ணெய், படகு, ஆள்கூலி மறுவாழ்வுக் கணக்கில் வராது. அந்தந்தப் படையின் செலவு. முதலில் வந்தவர்கள் மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். பிறகு ஜாமீனில் மண்டபம் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள்.

இவர்களும் பழையவர்களும் ஒரே முகாமில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே எல்லாமே நிர்வாக ஆணையில்தான் நிற்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் தரப்பட்ட பாஸ்போர்ட், விசா விலக்கு, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு மட்டும்தான். 2022-க்குப் பின் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. முகாமில் படுக்க இடமும் சாப்பாடும் கிடைப்பது வேறு, அகதியாகப் பதிவாவது வேறு. இரண்டாவது இல்லாமல் டோல் கேட்டு மனு எழுதினால் அது நகராது.

அதேபோல முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருந்துகொண்டு காவல் நிலையத்தில் பதிந்திருக்கும் ‘வெளிப்பதிவு’க்காரர்களுக்கும் டோல் இல்லை. 2021-இல் அவர்கள் 34,087 பேர். ஆக, தமிழ்நாட்டில் இருந்த மொத்த இலங்கை அகதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தச் செலவுக் கணக்கிலேயே கிடையாது.

பதிவு இருந்தும் பணம் நிற்பதும் குறைவதும் பெரும்பாலும் நாலைந்து காரணத்தால்தான். பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் நகலோடு முகாம் வருவாய் ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னால் ஏறாது. பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்தும் 500-லேயே கிடக்கும். தானாக மாறும் என்று காத்திருக்காமல் பிறந்த தேதியைக் காட்டிக் கேட்பது நல்லது. குடும்பத் தலைவர் இறந்தால் தலைமையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீதிப் பெரியவர்கள் அனைவரும் 1,000 கணக்கிலேயே நிற்பார்கள். கல்யாணம் முடிந்து வேறு முகாமுக்குப் போகும் பெண்ணின் பெயர் பழைய முகாமில் நீங்கியிருக்கும், புதிய முகாமில் ஏறியிருக்காது. மாற்றல் உத்தரவின் நகல் கையில் இல்லாமல் ஊர் மாறக் கூடாது. சோதனை நாளில் அனுமதி இல்லாமல் வெளியூர் வேலையில் இருந்துவிட்டால் பெயரையே அடித்துவிடும் ஆபத்து உண்டு. மறுபடி சேர்ப்பது முதலில் சேர்ப்பதைவிடக் கடினம், ஆகவே போகுமுன் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மனுவுக்கு ஒரு வரிசை உண்டு. மண்டபத்தில் முதலில் முகாம் வருவாய் ஆய்வாளர், அடுத்துத் தனித்துணை ஆட்சியர். அங்கே நகராவிட்டால் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கடைசியாகச் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம். ஒவ்வொரு படியிலும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, முந்தைய மனுவின் நகலை அடுத்ததோடு இணைக்க வேண்டும். நேராகச் சென்னைக்கு எழுதினால் அதே மனு விசாரணைக்கென்று மண்டபத்துக்கே திரும்பி வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று பலர் யோசனை சொல்கிறார்கள். அதில் ஒரு சிக்கல்: அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி தகவல் கேட்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. முகாம்வாசி தன் பெயரில் போட்டால் அதைக் காட்டியே திருப்பிவிடலாம். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ இருக்கும் குடிமகன் ஒருவர் 10 ரூபாய் கட்டணத்தில், தனிநபர் விவரம் கேட்காமல், “மண்டபம் முகாமில் இந்த நிதியாண்டில் பணக்கொடைக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, ஒன்றிய அரசிடமிருந்து ஈடாக வந்தது எவ்வளவு” என்று மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேட்டால் பதில் தர மறுப்பது கடினம்.