மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை

பாவூர்சத்திரத்திலிருந்து கடையம் போகிற வழியில், வயக்காட்டு ஓரத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. அடிமரம் மூன்றடி குறுக்களவு இருக்கும். ஆடிக் காற்று ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி இறங்கிவிட்டால் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. அந்த மரத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், பாதித் தோசைக்கல் அளவுக்கு ஒரு காளான் முளைத்திருந்தது. மேலே அரக்கு நிறம், விளிம்பில் வெள்ளை, தட்டினால் கட்டையைத் தட்டுகிற மாதிரி சத்தம். "உள்ள உளுத்துப் போச்சு, ரோட்டுல விழுமுன்ன வெட்டிருவோம்" என்று மரத்துக்காரர் ஆள் கூப்பிட்டிருந்தார். நானும் போயிருந்தேன்.

வந்த அண்ணாச்சி அரிவாளும் கோடாரியுமாகத் தொழில் தொடங்கி செயின் ரம்ப மெஷினுக்கு மாறியவர். மெஷினை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. கோடாரியின் பின்பக்கத்தால் மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். சாலைப் பக்கம் 'டொக், டொக்' என்று கெட்டியாகக் கேட்டது. காளான் இருந்த பக்கம் தவில் மாதிரி முழங்கியது. "வெட்டுததுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? மொதல்ல உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாத்துக்கிடுவோம்" என்றார். அப்புறம் தச்சர்கள் வைத்திருக்கிற ட்ரில்லில், பென்சிலைவிட மெல்லிய நீளமான பிட் ஒன்றை மாட்டி அடிமரத்தில் இறக்கினார்.

முதலில் வெளிர் மஞ்சளாக, சுருள் சுருளாகச் சீவல் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிறம் கறுத்தது. பிறகு ஈரப்பஞ்சு மாதிரி வெளுத்த ஒன்று உதிர்ந்தது. அதே நொடியில் பிட் தடையே இல்லாமல் 'சரக்'கென்று உள்ளே போனது. வெளியே இழுத்து, பிட்டில் விரல் வைத்த இடத்தை டேப்பில் அளந்தார். ஆறு அங்குலம். நான்கு பக்கமும் இப்படி அளந்ததில் மூன்று பக்கம் ஆறு அங்குலம், காளான் பக்கம் மட்டும் ஐந்து. இந்த எண்கள்தான் மரத்தின் தலையெழுத்தை முடிவு செய்தன. எப்படி என்பதைச் சொல்வதற்கு முன்னால், உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

மரத்தின் பருமனில் உயிருள்ள பகுதி கொஞ்சம்தான். பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. புதுக் கட்டையும் புதுப் பட்டையும் அங்கேதான் பிறக்கின்றன. அதற்கு உள்ளே வெள்ளைக் கட்டை. வேர் உறிஞ்சிய நீர் அதன் குழாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. நடுவில் வைரம். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று உறுதிக்கு உவமை சொல்கிறோமே, அந்த வைரத்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. பழைய குழாய்களில் மரம் பிசினையும் கசப்பான வேதிப்பொருள்களையும் நிரப்பி மூடி வைத்த பகுதி அது.

கட்டையின் அமைப்பைக் கான்கிரீட்டோடு ஒப்பிடலாம். செல்லுலோஸ் என்ற நார்கள்தான் கம்பி. லிக்னின் என்ற பொருள் அந்தக் கம்பிகளைச் சுற்றி இறுகிய சிமென்ட். காளான்களில் இரண்டு வகை வேலைக்காரர்கள் உண்டு. ஒரு வகை கம்பியைத் தின்றுவிட்டுச் சிமென்டை விட்டுவிடும். மிஞ்சுகிற கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். இது பழுப்பு அழுகல். இன்னொரு வகை சிமென்டைக் கரைக்கும், பெரும்பாலும் கம்பியையும் சேர்த்தே தின்னும். மிஞ்சுவது வெளுத்து, பஞ்சு பஞ்சாக, நார் நாராகப் பிரியும். இது வெள்ளை அழுகல். புளி, வேம்பு, மருது போன்ற நம் இலைமரங்களில் இதுதான் அதிகம். அந்தப் புளியமரத்தில் இருந்த கானோடெர்மா இனக் காளானும் வெள்ளை அழுகல்காரன்தான்.

நாம் பார்க்கிற அந்தக் காளான் வெறும் காய்; செடி உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நூல்களாகக் கட்டைக்குள் பல வருடம் பரவிய பிறகே அது வெளியே தலைகாட்டும். ஆகவே காளானைப் பிடுங்கி எறிந்தால் மரம் பிழைத்துவிடாது, மாங்காயைப் பறித்தால் மாமரம் பட்டுப்போகாத மாதிரி. கட்டை தானாக அழுகுகிறது, அழுகலிலிருந்து காளான் பிறக்கிறது என்றுதான் ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். அது தலைகீழ், நூல்களாகப் பரவும் பூஞ்சைதான் அழுகலுக்கே காரணம் என்று ஜெர்மானியர் ராபர்ட் ஹார்ட்டிக் 1874இல் காட்டினார்.

பூஞ்சைக்கு உணவு, ஈரம், காற்று மூன்றும் வேண்டும். நல்ல வெள்ளைக் கட்டையில் உணவும் உண்டு, ஈரமும் உண்டு. குழாய்களெல்லாம் நீரால் நிரம்பி இருப்பதால் காற்றுதான் போதாது. கிளை முறிந்தாலோ, லாரி உரசிப் பட்டை பெயர்ந்தாலோ, சாலை போடத் தோண்டும்போது வேர் அறுந்தாலோ அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். கூடவே பூஞ்சையும். பழைய வீடுகளின் பனங்கை உத்தரம் தலைமுறை தாண்டி நிற்பதும் இதே கணக்கால்தான். அங்கே காற்று இருக்கிறது, ஈரம் இல்லை.

நம் உடம்பில் காயம் பட்டால் செத்த திசுவை அகற்றி அங்கேயே புதுத் திசு வளர்கிறது. மரத்தால் அது முடியாது. பட்ட காயம் பட்ட இடத்திலேயே கடைசிவரை இருக்கும். மரம் செய்வதெல்லாம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு, தள்ளிப் புதுக் கட்டை வளர்ப்பதுதான்.

இதைத் தெளிவாகக் கண்டவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. அவருக்கு முன்பு பெரும்பாலும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்த்தார்கள். ஒரே ஆள் தூக்கக்கூடிய செயின் ரம்பம் கைக்கு வந்ததும், ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தார். 1977இல் அவர் விளக்கிய அமைப்பில் நான்கு சுவர்கள் உண்டு. முதல் சுவர் மேலும் கீழும் போகிற குழாய்களை அடைப்பது. இதுதான் பலவீனமானது, அதனால்தான் அழுகல் நெட்டுக்குத்தாக நீளும். இரண்டாவது, மரத்தின் நடுவை நோக்கிப் போகிற வழியைத் தடுப்பது. மூன்றாவது, பக்கவாட்டில் சுற்றிப் பரவாமல் தடுப்பது. நான்காவதுதான் முக்கியம். காயத்துக்குப் பிறகு கேம்பியம் உண்டாக்குகிற தனிப் படலம் அது. காயம் பட்ட நாளில் இருந்த கட்டை ஒரு பக்கம், அதற்கப்புறம் வளர்ந்த கட்டை மறுபக்கம் என்று வரப்பு கட்டிவிடும். பழைய மரங்கள் உள்ளே வெறும் பொந்தாக, வெளியே தளதளவென்று நிற்பது இந்த வரப்பால்தான்.

ஆகவே பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் அடைப்பது மரத்துக்குச் செய்கிற கெடுதல். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் சுரண்டும்போது அந்த வரப்பு உடைகிறது, அடைபட்டிருந்த பூஞ்சை புதுக் கட்டைக்குள் போகிறது. மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது. இடையில் விழுகிற விரிசலில் மழைநீர் தங்கும். வெட்டு வாயில் தார் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை என்று ஷைகோவின் சோதனைகள் காட்டின.

தென்னைக்கும் பனைக்கும் இந்த விதி பொருந்தாது. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல். தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகவே வைக்கிறது. அவற்றில் பக்கவாட்டில் பருக்கச் செய்யும் கேம்பியம் இல்லை. எனவே ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, ஆயுசுக்கும் மூடாத வாய். தென்னையின் அடித்தண்டழுகலுக்குக் காரணமும் கானோடெர்மாதான். 1952இல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர். தண்டின் அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிவதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, வேர்ப் பகுதி நனைய 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரில் கலந்தது) 40 லிட்டர், கோடையில் தவறாத தண்ணீர், அடுத்த மரத்துக்குப் பரவாமல் சுற்றிலும் குழி. இவைதான் வேளாண் துறையினர் சொல்கிற வழி.

சரி, புளியமரத்துக்கு வருவோம். ஆறு அங்குலம் போதுமா?

காற்று மரத்தை வளைக்கும்போது பளு முழுக்க வெளி வளையத்தில்தான் விழுகிறது. நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா நிற்கும். குழாய் ஒன்றின் வளைவு தாங்கும் திறனில் எவ்வளவு குறைகிறது என்பது, பொந்தின் அகலத்தை மரத்தின் அகலத்தால் வகுத்து, வந்த எண்ணை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும். 36 அங்குல மரத்தில் 18 அங்குலப் பொந்து என்றால் பாதி. நான்கு பாதிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் பதினாறில் ஒரு பங்கு. அதாவது இழப்பு 6 சதவீதம்தான். பொந்து 25 அங்குலம் ஆனால் இழப்பு 23 சதவீதம். 32 அங்குலம் ஆனால் 62 சதவீதம்! பொந்து பெரிதாகப் பெரிதாக, கடைசிச் சில அங்குலங்களில் மரம் மடமடவென்று பலமிழக்கிறது. முறிந்த மரங்களையும் முறியாத மரங்களையும் அளந்து பார்த்த ஜெர்மன் இயற்பியலாளர் கிளாஸ் மாத்தெக், ஆரத்தில் பத்தில் மூன்று பங்காவது நல்ல கட்டை இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு சொன்னார். நம் மரத்தின் ஆரம் 18 அங்குலம். வரம்பு 5.4. அண்ணாச்சியின் டேப்பில் வந்தது மூன்று பக்கம் 6, ஒரு பக்கம் 5. பொந்து பக்கவாட்டில் வாய் திறந்திருந்தாலோ, வேர் அழுகியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. மண்வெட்டியால் வேர்முண்டுகளைத் தோண்டிப் பார்த்தோம். கெட்டியாக இருந்தன.

மரம் நிற்கட்டும், சாலைக்கு மேல் நீண்ட கனத்த கிளையை மட்டும் எடுத்துக் காற்றின் பிடியைக் குறைப்போம் என்று முடிவானது. மரத்துக்காரருக்கு இதை ஒப்புக்கொள்ள அரைமணி நேரம் ஆனது.

இப்போது மெஷின் இறங்கியது. அந்தச் செயினின் பல்லுக்கு ஒரு கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், கட்டையைக் குடைகிற ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு போனது. மறுவருடம் அதே மாதிரி இடப்பல், வலப்பல் என்று மாற்றி வைத்த செயினைச் செய்தார். இன்று எங்கும் ஓடுவது அதன் வாரிசுதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் கூராக இருந்தால் சீவல் தெறிக்கும். மழுங்கினால் மாவாகக் கொட்டும், ஆள் மெஷினை அழுத்துவார், விபத்து வரும்.

இந்த மெஷினில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. செயின் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையின் நுனியில் மேல் கால்பாகம் எதிலாவது முட்டினால், வெட்டுகிற விசை அப்படியே திரும்பி மெஷினை முகத்துக்கு நேராகத் தூக்கி எறியும். கை முன்னால் உள்ள காவல் தகடு அந்த உதறலிலேயே முன்னால் சாய்ந்து செயினை நிறுத்துகிற பிரேக் அதற்காகத்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, லுங்கியும் செருப்புமாக மரத்தில் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். இதற்கென்றே ஒரு கால்சட்டை இருக்கிறது. அதற்குள் அடுக்கிய நீள நார்கள் செயின் பட்டதும் வெளியே இழுபட்டு, பற்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். கூலிக்கு வருகிறவர் தன் காசில் வாங்க முடியாத விலை. வேலை கொடுக்கிறவர்தான் வாங்கித் தர வேண்டும்.

அண்ணாச்சி கிளையை மூன்று வெட்டில் எடுத்தார். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கொஞ்சம். அதற்கும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து, கிளை விழும்வரை. கீழ் வெட்டு இல்லாவிட்டால் விழுகிற கிளை பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போயிருக்கும். மூன்றாவது வெட்டுக்கு முன் கையால் தடவிப் பார்த்தார். கிளை புறப்படுகிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். சுவர் எழுப்புகிற சரக்கெல்லாம் அங்கேதான். அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டி வழித்தால் அந்தக் கழுத்தும் போய்விடும். எங்கள் வீட்டு வேம்பை ஒருவர் அப்படித்தான் வழித்தார். பன்னிரண்டாவது வருடம் அந்த இடத்தில் கை நுழைகிற பொந்து. அண்ணாச்சி வீக்கத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் அறுத்தார். பூச்சு எதுவும் பூசவில்லை.

ஐப்பசி மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். வெட்டு வாயின் நடுக்கட்டை காய்ந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலிருந்து, அரிசி பருமனில் வெளிர் பச்சையாக ஒரு வளையம் உருண்டு வந்திருந்தது. காளானும் அதன் இடத்திலேயே இருந்தது, விளிம்பில் புது வெள்ளையோடு.