மின் கட்டண ரசீதில் அச்சாகாத ஓர் எண்

சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலும் தறிப்பட்டறைகளிலும் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். அறிக்கையைக் கொடுத்ததும் முதலாளிகள் தேடுவது, பில் எவ்வளவு குறையும் என்பதைத்தான். அதே பக்கத்தில் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு குறையும் என்றும் எழுதியிருப்பேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அந்த எண்ணுக்குள் நாட்டின் கொள்கையே அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்த பிறகு நமக்கும் அதே எண்தான். பிரான்சில் இதே யூனிட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எண்ணெய் விலை ஏறியதும் 1974-இல் அந்த அரசு அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்ட முடிவெடுத்தது. சேலம் அம்மாப்பேட்டையில் ஓடும் மோட்டாரை அங்கே கொண்டுபோய் ஓட்டினாலும் யூனிட் குறையாது, புகை மட்டும் குறையும்.

விலை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு பிரிட்டன் நல்ல சாட்சி. 2012-இல் அங்கே சுமார் 40 சதவீத மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2013-இல் மின்நிலையங்கள் வெளியிடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். நிலக்கரி கட்டுபடியாகாமல் போனது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது.

நாமும் அந்த வழியில் இறங்கியவர்கள்தான். 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் வரி, 2016-இல் அது 400 ஆனது. தூய எரிசக்திக்கென வசூலித்த அந்தப் பணம் 2017 முதல் மாநிலங்களுக்கான ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குப் போனது. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயை நீக்கிவிட்டு ஜி.எஸ்.டி.யை 5-இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். டன்னுக்கு இவ்வளவு என்ற வரி, மட்டமான நிலக்கரியைத்தான் அதிகம் உறுத்தும். விலையில் சதவீதம் என்றால் மலிவான சரக்குக்கு வரியும் குறைவு. சாம்பல் அதிகமுள்ள கரிக்கு இது சலுகையாகிவிடுகிறது, எனக்கு இதில் உடன்பாடில்லை.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்.இ.டி. பல்பை அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. பிரசாரத்தால் மட்டும் குண்டு பல்பு ஒழியவில்லை.

2025 நடுவில் நம் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாதது என்ற நிலையை எட்டினோம். பெரிய சாதனை. ஆனால் நிறுவுதிறன் என்பது நிலையங்களால் எவ்வளவு முடியும் என்பது, உற்பத்தி என்பது உண்மையில் எவ்வளவு வருகிறது என்பது. உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். மதியம் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்தால் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 1,440 மெகாவாட் போன்றவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஏற்காட்டு விடுதிகளில் விடியற்காலைக் குளிருக்குப் போடும் கீசர் பெரும்பாலும் நிலக்கரியில்தான் சுடுகிறது. அங்கே கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வைக்கச் சொல்லித் தயங்காமல் எழுதிக்கொடுப்பேன்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். நெசவாளர் பிழைப்புக்கு அது தேவை, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். அதோடு பழைய மோட்டாரை மாற்ற மானியமும் சேர்ந்து வரட்டும். இலவச யூனிட்டுக்குள் பழைய மோட்டாரே ஓடிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்ல எனக்கு எந்த வாதமும் மிஞ்சுவதில்லை.

ஆலைக்காரர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சூரிய ஒளி கிடைக்கும் நேரத்தில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண உத்தரவுக்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். கிழங்கு அரைப்பதையும் தண்ணீர் இறைப்பதையும் பகலுக்கு மாற்றினால் எத்தனை யூனிட் நகரும் என்று கணக்கெடுத்து, அந்தத் தாளோடு அங்கே போய், பகல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.