ஃபார்ஸ்: கேலிக்கூத்தா, நகைநாடகமா?

மேடையில் ஒரு பிணம். அதை எங்காவது ஒளித்துவிட வீட்டிலிருக்கிற எல்லோரும் ஓடுகிறார்கள், அலமாரியைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஒருவர் ஒளிந்திருக்கிறார், துப்பறிய வந்தவரோ கொலைகாரன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கொலைகாரன் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறான்" என்கிறார். அரைமணி நேரத்தில் முடிகிற இப்படிப்பட்ட குற்றக் குறுநாடகங்களும் ஃபார்ஸ் என்ற நாடக வகையில் சேரும். சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் சொல்லின் வேர். லத்தீனில் ஃபார்க்கீரே என்றால் திணித்தல், அடைத்தல். கோழிக்குள் அடைத்துச் சமைக்கிற கலவைக்குப் பிரெஞ்சில் இன்றும் ஃபார்ஸ் என்றுதான் பெயர். இடைக்காலத்தில் லத்தீன் வழிபாட்டு வாசகங்களுக்கு நடுவே செருகிய சொற்றொடர்களையும் இப்படித்தான் குறித்தார்கள், அப்புறம் சமய நாடகங்களுக்கு இடையில் நுழைத்த சிரிப்புக் காட்சிகளுக்கும் அதே பெயர் வந்து, கடைசியில் அந்தக் காட்சிகளே தனி நாடகமாகிவிட்டன.

இந்த வடிவத்துக்கும் குற்றத்துக்கும் உறவு மிகப் பழையது. 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஃபார்ஸான பாத்தலன் நாடகத்தில், முதலாளியின் ஆடுகளைக் கொன்ற இடையன் நீதிமன்றத்தில் நிற்கிறான். எதைக் கேட்டாலும் "மே" என்று மட்டும் கத்து என்று வக்கீல் சொல்லிக்கொடுக்கிறார், வழக்கும் ஜெயிக்கிறது, பிறகு வக்கீல் கூலி கேட்கும்போது அவருக்கும் அதே "மே"தான் பதில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் ஒரே அங்கம் கொண்ட நாடகம். மண்டையோட்டில் பிச்சை வாங்குகிற சைவத் துறவியான காபாலிகனின் கபாலத்தைக் காணோம், பழி ஒரு பௌத்தத் துறவியின் மேல் விழுகிறது, உண்மையில் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். தொலைந்த பொருள், தப்பான சந்தேகம், யாரும் நினைக்காத திருடன் என்று துப்பறியும் கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது!

பிரகசனம் என்பது 'சிரி' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல். பொருள் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் இன்றைய பேச்சில் அது புழங்குவதில்லை. அகராதிகளில் கிடைப்பது கேலிக்கூத்து. "விசாரணை கேலிக்கூத்தாகிவிட்டது" என்று திட்டுவதற்கே அதை நாம் செலவழித்துவிட்டோம், உழைத்து ஒத்திகை பார்த்து மேடையேற்றுகிற ஒரு கலைக்கு வசைச்சொல்லைப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சிரிப்பு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். கேலி என்பது அதில் எள்ளல் மட்டும்தான். கொலை நகைச்சுவையோ பெரும்பாலும் மடனில் ஓடுகிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடாமல் இருப்பதைத்தான் உரைகாரர்கள் மடன் என்கிறார்கள், முதலில் சந்தேகப்பட்ட ஆளையே கடைசிவரை துரத்துகிற அந்தத் துப்பறிவாளரை இதைவிடச் சுருக்கமாக யாரால் வர்ணிக்க முடியும்?

அதனால் நான் நகைநாடகம் என்றே எழுதுகிறேன். நகைச்சுவை நாடகம் என்றால் காமெடி முழுவதற்கும் பொதுவாகிவிடும். ஆள்மாறாட்டமும் ஓட்டமும் மிகையும் சேர்ந்த இந்த ஒரு வகைக்கு மட்டும் நகைநாடகம் என்று ஒதுக்கிக்கொள்ளலாம். ஒரே அங்கம் என்றால் ஓரங்க நகைநாடகம், கொலை முடிச்சை அவிழ்ப்பது என்றால் கொலைமர்ம நகைநாடகம்.