அமிலநீக்கி எதை நீக்குகிறது?

பான்டோபிரசோல் அட்டையை அத்தை காட்டியபோது பத்தில் ஆறு மாத்திரை தீர்ந்திருந்தது. "நெஞ்சு எரியிறப்பல்லாம் ஒண்ணு போடுறேன், கேட்கவே மாட்டேங்குது" என்றார். மருந்தோடு கொடுத்த துண்டுத்தாளில் அந்த மாத்திரைக்கு 'அமிலநீக்கி' என்று போட்டிருந்தது. இந்தச் சொல்லை இந்த இடத்தில் பார்ப்பது எத்தனையாவது முறையோ!

ஜெலுசில் போன்ற ஆன்டாசிட்டுக்கு வைத்த பெயர் இது. கிரேக்க 'ஆன்டி' எதிர், இலத்தீன் 'அசிடஸ்' புளிப்பு. நம் அமிலமும் வடமொழி 'அம்ல' வழியாகப் புளிப்பிலிருந்து வந்ததுதான். 'காடி' என்று எழுதச் சொல்லும் தனித்தமிழ் அன்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த அமிலமே போதும் என்பது என் கட்சி. சண்டையெல்லாம் 'நீக்கி'யோடு.

நீக்குவது என்றால் இருப்பதை அப்புறப்படுத்துவது. ஜெலுசில், டைஜீன் வகைகூட அதைச் செய்வதில்லை. அவற்றிலுள்ள அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் வயிற்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீருமாகின்றன. இதற்குத் தமிழில் பழகிய வினை முறித்தல். விஷத்தை முறிக்கிறோம், பித்தத்தை முறிக்கிறோம். ஆகவே இது அமிலமுறி. சில நிமிடங்களில் எரிச்சல் தணியும். வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ஃபமோட்டிடின் வேறு. அமிலம் சுரக்கச் சொல்லி வரும் ஹிஸ்டமின் என்ற தூதுப்பொருளைச் சுரப்பணுவின் வாசலிலேயே மறிப்பது. வேலை தொடங்கக் கொஞ்சம் தாமதமானாலும் பத்து மணி நேரம் நிற்கும், இரவு எரிச்சலுக்கு உதவும்.

பான்டோபிரசோலும் ஒமிப்ரசோலும் இன்னும் வேறு. அமிலத்தை வயிற்றுக்குள் இறைக்கும் புரோட்டான் பம்பையே முடக்குபவை. ஓடுகிற பம்பைத்தான் அவற்றால் பிடிக்க முடியும். பம்பை ஓடவைப்பது சாப்பாடு. அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறார்கள். முழுப் பலன் தெரியச் சில நாளாகும். உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றுவதில் மூன்றிலும் வலியது இதுதான். ஆனால் வயிற்றில் ஏற்கெனவே கிடக்கும் அமிலத்தை இது தொடுவதே இல்லை. 'நீக்கி' என்று பெயர் வைத்துவிட்டால், நீக்க வேண்டியது மேலே வரும்போதுதானே அத்தை விழுங்குவார்? ஃபமோட்டிடினையும் இவற்றையும் சேர்த்துச் 'சுரப்படக்கி' என்று சொல்லிப் பாருங்கள். சுரக்கும் முன்பே போட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், மாத்திரை வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. அதே தாளில் 'இதய எரிச்சல்' வேறு, ஆங்கில 'ஹார்ட்பர்ன்' சொல்லுக்குச் சொல் தமிழாகியிருக்கிறது. கிரேக்கத்தில் 'கார்டியா' இதயத்துக்கும் இரைப்பை வாய்க்கும் பொதுப்பெயர். அந்தக் குழப்பம் அவர்களோடு போகட்டும். நமக்கு நெஞ்செரிச்சல் என்று தெளிவாகவே இருக்கும்போது, வயதானவரை இதய நோயோ என்று ஏன் பதற வைக்க வேண்டும்?

கடைசி வரியில் 'அமிலப் பின்னோட்ட நோய்'. "எனக்கு எதுக்களிக்குதுன்னுதானே டாக்டர்கிட்ட சொன்னேன், இது வேற வியாதியாப்பா?" என்று அத்தை கேட்டார். இல்லை அத்தை, அதேதான் என்றேன். அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டிய சொல்லை டாக்டரிடம் முதலிலேயே சொன்னவர் அவர்தான்.