ஒற்றைக் கம்பியில் முடியாத கோலம்

மார்கழி விடிகாலையில் தாராவிச் சந்துகளில் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இரண்டடி வாசலாக இருந்தாலும் அதில் ஒரு கோலம் இருக்கும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் சிக்குக் கோலம் போட உட்கார்ந்தாள். வரிசைக்கு 4 புள்ளி, மொத்தம் 6 வரிசை. புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கோட்டை, அதாவது கம்பியை, இழுத்துக்கொண்டே போனவள், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டாள். கோலமோ பாதிதான் ஆகியிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, நாலுக்கு ஆறு வச்சா ஒத்தக் கம்பியில முடியாது. அஞ்சு வரிசையா வை."

ஆச்சிக்கு அது கைப்பழக்கத்தில் வந்தது. அதற்கான காரணம் பேத்தியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது: பொது மடங்கு.

மடங்கு என்றால் வாய்ப்பாடுதான். 4, 8, 12, 16, 20, 24 எல்லாம் நாலின் மடங்குகள். ஆறுக்கு 6, 12, 18, 24. இரண்டிலும் வருகிற 12, 24, 36 போன்றவை பொது மடங்குகள். அவற்றில் சிறியது 12. அதுதான் மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. இதுவரை பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. நாலையும் ஆறையும் பெருக்கினால் 24 வருகிறதே, அதற்கு முன்பே 12-இல் இரண்டும் ஏன் சந்திக்கின்றன? இந்த இடத்தில்தான் பலர் விழிக்கிறார்கள். கோலத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

குனிந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நாலு சிறு வளைவுகள். கம்பி எப்போதும் சாய்வாகவே ஓடுகிறது, அதாவது பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒரே நேரத்தில் நகர்கிறது. ஒரு புள்ளியைத் தாண்ட இரண்டு வளைவு ஆகும். ஓரத்துக்கு வந்ததும் மடங்கித் திரும்புகிறது. மடங்குதலுக்கும் கணக்கின் மடங்குக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்போது எண்ணுவோம். அகலம் 4 புள்ளி: போக 8, வர 8, ஆக 16 வளைவுக்கு ஒருமுறை கம்பி பக்கவாட்டில் பழைய நிலைக்கு வருகிறது. நீளம் 6 புள்ளி: போக 12, வர 12, ஆக 24 வளைவுக்கு ஒருமுறை மேல்கீழ் நிலை திரும்புகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் திரும்பினால்தான் கம்பி மூடும். 16, 32, 48 என்று இது போகிறது. 24, 48 என்று அது போகிறது. 48-ஆம் வளைவில் கம்பி மூடிவிட்டது! புள்ளிக்கு நாலு வளைவு என்பதால் 48 என்பது 12 புள்ளிக்கான அளவு; அதே மீ.சி.ம.தான். ஆனால் 24 புள்ளிக்கு மொத்தம் 96 வளைவு வேண்டும். சரி பாதி மிச்சம். அதற்கு இன்னொரு கம்பி தேவை.

ஆச்சி சொன்னபடி 5 வரிசை வைத்தால்? 16-உம் 20-உம் முதலில் சந்திப்பது 80-இல். 20 புள்ளிக்கு வேண்டியதும் அதே 80 வளைவுதான். ஒரே கம்பியில் முடிந்துவிடும்.

4 என்பது 2 × 2. 6 என்பது 2 × 3. இரண்டுக்கும் ஒரு 2 பொது. மீ.சி.ம.வுக்கு அந்த 2-ஐ ஒருமுறை எடுத்தால் போதும்: 2 × 2 × 3 = 12. வெறுமனே பெருக்கும்போது அது இரண்டு தடவை சேர்ந்து 24 ஆகிறது. கூடுதலாக வந்த அந்த 2-தான் தரையில் இரண்டு கம்பிகளாகக் கிடக்கிறது. 4-க்கும் 5-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அதனால் பெருக்கல் தொகையே மீ.சி.ம.

செவ்வகமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் கம்பிகள் வெட்டிக்கொள்ளும் கோலத்துக்கே இந்தக் கணக்கு. மற்ற வகைகளுக்கு வேறு விதிகள் உண்டு. கோல விதிகளைக் கணினி மொழிகளின் இலக்கணம்போல எழுதலாம் என்று தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பெண் 6-க்கு 9 புள்ளி வைத்தாள். கம்பியைத் தொடுவதற்கு முன் விரல் விட்டு எண்ணினாள். முதலில் 6, 12, 18. பிறகு 9, 18. மொத்தப் புள்ளி 54. அதை 18-ஆல் வகுத்தாள். அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஆச்சி, மூணு கலர் பொடி எடுத்துட்டு வா!"