புது கேம்ஷாஃப்ட்டின் முதல் இருபது நிமிடங்கள்

1969 மாடல் ஷெவர்லே கமாரோ கார் ஒன்றை வீட்டு கராஜில் பிரித்துச் சீரமைப்பவர், துருவுக்கும் பெயின்டுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுவார். ஆனால் அதன் 350 கன அங்குல வி8 இன்ஜினை மறுபடி பூட்டி முதன்முறை ஸ்டார்ட் செய்ததும், இருபது நிமிடத்துக்குள் அது பாழாகிவிடலாம். அப்போது முதலில் பலியாவது பெரும்பாலும் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக, கேம்)தான்.

ஷெவர்லே 1955-ல் அறிமுகப்படுத்திய ஸ்மால் பிளாக் என்னும் வி8 இன்ஜின் குடும்பத்தில், 350 வந்தது 1967-ல், கமாரோவோடு. எட்டு சிலிண்டர், பதினாறு வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் கேம்ஷாஃப்ட்டில் ஒரு லோப், அதாவது முட்டை வடிவப் புடைப்பு. லோபின் மேல் லிஃப்டர் என்னும் சிறு உலோகக் குழல், அதன் மேல் புஷ்ராட் என்னும் கம்பி, பிறகு ராக்கர் ஆர்ம் என்னும் நெம்புகோல், கடைசியில் வால்வு. பிற்கால இன்ஜின்களில் லிஃப்டரின் அடியில் ஓர் உருளை இருக்கும். இதில் அது கிடையாது. லிஃப்டரின் அடி நேரடியாக வார்ப்பிரும்பு லோபின் மேல் உரசி ஓடுகிறது. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் தரும் அழுத்தம் சுமார் 200 பவுண்டு. ராக்கரின் விகிதம் 1.5 என்பதால், லோபின் நுனியில் 300 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 136 கிலோ இறங்குகிறது. அதுவும் ஒரு மெல்லிய கோட்டளவு இடத்தில்.

இவ்வளவு சுமையிலும் அது தேயாமல் ஓடுவதற்குக் காரணம், லிஃப்டர் தன் குழிக்குள் சுழன்றுகொண்டே இருப்பதுதான். இரண்டு புது லிஃப்டர்களின் அடிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், லேசாக ஆடும். தட்டையாகத் தெரியும் அந்த அடி உண்மையில் நடுவில் மிக மிகக் கொஞ்சம் புடைத்திருக்கிறது, சுமார் 0.05 மில்லிமீட்டர். லோபும் ஒரு பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும். அதனால் இரண்டும் தொடும் இடம் லிஃப்டரின் மையத்திலிருந்து விலகி அமைகிறது. லோப் திரும்பும்போது லிஃப்டரையும் சுழற்றுகிறது. சுமை தாங்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. லிஃப்டர் சுழலாமல் நின்றால் ஒரே இடம் உரசிச் சூடேறி, மேற்பரப்பு கிழிந்து, லோபின் மூக்கு சில நிமிடங்களில் வழித்துப்போகும்.

லிஃப்டர்களுக்கு மேலே உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டைப் பூட்டி மூடுமுன் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒவ்வொரு லிஃப்டரின் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பிஸ்டன்களோடு இணைந்த பிரதான தண்டான கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். கோடு இடம் மாற வேண்டும். மாறாத லிஃப்டரை வெளியே எடுத்து, குழியில் பிசிறோ பழைய வார்னிஷோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். பழைய லிஃப்டரைப் புது கேமோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது. அதன் அடி ஏற்கெனவே குழிந்திருக்கும். லோபிலும் லிஃப்டரின் அடியிலும் மாலிப்டினம் கலந்த பேஸ்ட் தடவ வேண்டும். லிஃப்டரின் பக்கவாட்டுக்கு வெறும் ஆயில் போதும்.

அடுத்தது ஆயில். 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்னும் அமெரிக்க ஆயில் தரம், புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக, சாதாரண கார்களுக்கான ஆயிலில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது. பாஸ்பரஸ் குறைந்தால், அதோடு சேர்ந்தே வரும் துத்தநாகமும் குறையும். இந்த இரண்டும் அடங்கிய இசட்டிடிபி என்னும் சேர்மம்தான் உரசும் இரும்பின் மேல் காப்புப் படலமாகப் படிகிறது. ஆகவே புது கேமுக்கு 'பிரேக்-இன் ஆயில்' (முதல் ஓட்டத்துக்கான ஆயில்) என்றே விற்கும் ஆயிலை ஊற்றுங்கள். இதில் காசு மிச்சம் பிடிப்பது வீண்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஆயிலை எல்லா வழிகளிலும் ஏற்றியாக வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ் முனை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரைமிங் டூலை (பம்ப்பைச் சுழற்றும் கருவியை) விட்டு, டிரில்லால் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவர் முனை ஒன்றே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் பாதையின் ஒரு சுவர். அந்த இடத்தை அடைக்கும் வளையம் இல்லாவிட்டால் ஆயில் அங்கேயே கசிந்து, ஒரு பக்கத்து லிஃப்டர்களுக்குப் போகாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதையே டூலாக்கலாம். அழுத்தம் ஏறியதும் டிரில் திணறும். நடுநடுவே கிராங்க்கைத் திருப்பி, பதினாறு ராக்கரிலும் ஆயில் வடியும்வரை ஓட்டுங்கள்.

பிறகு இன்ஜின் முதல் சுற்றுகளிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் ஸ்டார்ட்டரில் சுற்றினால் பேஸ்ட் வழிந்துபோகும். கார்புரேட்டர் கிண்ணத்தைப் பெட்ரோலால் நிரப்புங்கள். கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி பொருத்த, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் சரியான இடம் தெரிய வேண்டும். கிராங்க்கின் குறி பூஜ்ஜியத்தில் நிற்பது இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சியில், அதாவது கிராங்க்கின் இரண்டு சுற்றுகளில், இரண்டு முறை: ஒருமுறை முதல் சிலிண்டருக்கு, மறுமுறை ஆறாவதற்கு. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் வரும் பூஜ்ஜியமே சரி. பிளக் வயர்களின் வரிசை, அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-8-4-3-6-5-7-2.

பற்றியதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் இல்லாத மெல்லிய ஓட்டத்தில்) விடாதீர்கள். லோபுகளுக்கென்று அழுத்தத்தோடு ஆயில் வருவதில்லை. கிராங்க் சுழலும் வேகத்தில் தெறிப்பதே முக்கிய ஆதாரம், ஐடிலில் அது போதாது. உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ரேடியேட்டருக்கு முன் பெரிய ஃபேன் ஒன்று வேண்டும். எக்ஸாஸ்ட் செக்கச்செவேலென்று சிவந்தால் டைமிங் (மின்பொறி தெறிக்கும் நேரம்) பின்தங்கியிருக்கலாம். தண்ணீரோ ஆயிலோ கசிந்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டாமல் அணைத்து, சரிசெய்து, மறுபடி நேராக 2,000-க்கே போய் மீதி நிமிடங்களை முடிக்கலாம். வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் உள்ள இன்ஜினில் இது முடியும்வரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைப்பது நல்லது.

ஆறியதும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை தெரிந்தால் அது தடவிய பேஸ்ட், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் மினுக்குத் துகள் நிறைய இருந்தால் லோப் தேய்கிறது. அப்போது கேமை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்த இரும்புத் தூள் பேரிங்குகள்வரை போயிருக்கும். இன்ஜினை முழுதாகப் பிரித்து ஆயில் பாதைகளைப் பிரஷ் விட்டுக் கழுவித்தான் மறுபடி பூட்ட வேண்டும்.